துண்டு முதல் கடனட்டை வரை

ரொறன்ரோவில் வசிக்கும் பழைய நண்பர் ஒருவர் சில வாரங்களுக்கு முன்னர் எனக்கு நீண்டதொரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். இறக்குவானைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்து, 1983ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பின்னர் நாட்டைவிட்டு வெளியேறியவர் அவர். அங்குள்ள பேரங்காடியொன்று தனது வாடிக்கையாளர்களுக்கென வழங்கும் கடனட்டையைப் பெற்று, மகளின் திருமணச் செலவுகளில் ஒரு பகுதியை அதில் செய்திருக்கிறார். கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகையை ஒரு மாதமேனும் தவறாமல் கட்டியும் வருகின்றார். இருந்தும் கடன் இறங்கவில்லை. "நீ பத்திரிகைக்காரன், வட்டி வீதம் பற்றியெல்லாம் எத்தனையோ எழுதியிருப்பாய். இது எங்கே போய் முடியும் என்று சொல்" என்று கேட்டிருந்தார்.

அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோது, அது தனிப்பட்ட ஒரு கடிதத்துக்குள் அடங்காத விடயம் என்பது புரிந்தது. மலையகத்தில், அதிலும் சப்ரகமுவவின் இறப்பர் தோட்டங்களில் பிறந்த எங்களுக்குக் கடன் என்பது புதிய சங்கதியல்ல. எங்கள் சமூகத்தின் வரலாறே ஒரு கடனோடுதான் தொடங்குகின்றது. ஆகவே நண்பரின் அனுமதியுடன், அவருடைய பெயரைத் தவிர்த்து, அந்தப் பதிலை எல்லோருக்குமாக இங்கே எழுதுகின்றேன்.

துண்டு என்ற சொல்லை இன்றைய இளைஞர்கள் வேறு பொருளில்தான் அறிவார்கள். பிரித்தானியர் காலத்துத் தோட்டங்களில் அது ஒரு காகிதச் சீட்டு. தமிழகத்துக் கிராமங்களில் ஆள் திரட்டிய கங்காணி, பயணச் செலவென்றும் வீட்டுக்குக் கொடுத்த முற்பணமென்றும் ஒரு தொகையைத் தொழிலாளியின் பெயரில் எழுதிவைப்பார். தோட்டத்துக்கு வந்து சேரும்போதே அவன் கடன்காரன். அரிசி தோட்டத்திலிருந்து கணக்கில் வழங்கப்பட்டு, சம்பளத்தில் கழிக்கப்படும். கம்பளியும் அப்படியே. அந்தத் தொழிலாளியோ அவனைச் சேர்ந்த கும்பலோ வேறு தோட்டத்துக்குச் செல்ல விரும்பினால், துரை ஒரு துண்டு எழுதிக் கொடுப்பார். இன்ன தொகையைச் செலுத்தினால் இந்த ஆட்களை விடுவிக்கச் சம்மதம் என்பதே அதன் சாரம். புதிய தோட்டம் அந்தத் தொகையைக் கொடுத்து ஆட்களைப் பெற்றுக்கொள்ளும். பழைய தோட்டத்தின் ஏட்டிலிருந்த கடன் புதிய தோட்டத்தின் ஏட்டுக்கு மாறும். கடன் தீர்ந்ததாகத் தொழிலாளிக்கு எந்நாளும் தெரியாது.

இப்போது வங்கிகள், ஓர் அட்டையின் நிலுவையை இன்னோர் அட்டைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், முதல் சில மாதங்களுக்கு வட்டி குறைவு என்று விளம்பரம் செய்கின்றன. அந்த விளம்பரத்தைக் காணும்போதெல்லாம் எனக்குத் துண்டுதான் நினைவுக்கு வரும். கடனைத் தூக்கிக்கொண்டு இடம் மாறுவதுதான் இரண்டிலும் நடக்கின்றது. இன்று கடன் மட்டுமே இடம் மாறுகின்றது, அன்று கடனோடு மனிதனும் குடும்பமும் சட்டி பானையும் இடம் மாறின என்பது பெரிய வித்தியாசம். அதை மறந்து இரண்டையும் ஒன்றெனச் சொல்வது எங்கள் முன்னோர் பட்ட துன்பத்தைச் சிறுமைப்படுத்துவதாகும்.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு விடயமும் உண்டு. அதே காலத்தில் துரைமாரும் கடனில்தான் வாழ்ந்தார்கள். 1844இல் ஆரம்பிக்கப்பட்ட கார்கில்ஸ் போன்ற பெரும் வர்த்தக நிலையங்களிலும், தோட்டத்துரைமாரின் கிளப்புகளிலும் காசை எண்ணிக் கொடுக்கும் வழக்கம் அவர்களுக்கு இருக்கவில்லை. ஒரு சிறு சீட்டில் கையெழுத்திட்டுவிட்டு மாதக் கடைசியில் கணக்குத் தீர்ப்பார்கள். ஆங்கிலத்தில் அதற்கு சிட் என்று பெயர். அதுவும் இந்திய மொழியொன்றிலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்ட சொல்தான். துரையின் சிட் அவருடைய கௌரவத்தின் அடையாளம். தொழிலாளியின் துண்டு அவனுடைய விலைச்சீட்டு. கடன் வாங்கியவர்கள் இரு சாராரும்தான். ஆனால் கணக்கேட்டை வாசிக்கத் தெரிந்தவர் ஒரு சாரார் மட்டுமே. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கத் தொழிலாளர் கட்டளைச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. கணக்கேட்டை வாசிக்கத் தெரியாத நிலையை எந்தச் சட்டமும் ஒழிக்கவில்லை.

என் தாயார் எட்டியாந்தோட்டைப் பகுதியிலுள்ள ஓர் இறப்பர் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளியாக இருந்தவர். எழுத வாசிக்கத் தெரியாதவர். எங்கள் குடும்பத்தின் கடனை முப்பது வருடங்களுக்கும் மேலாக அவரே நிர்வகித்தார். நான் பல்கலைக்கழகத்தில் கலைப்பிரிவில் கற்றுப் பட்டம் பெற்றவன். பொருளாதாரமும் ஒரு பாடமாக இருந்தது. அங்கு கேட்ட விரிவுரைகளில் பலவற்றை மறந்துவிட்டேன். அம்மாவின் கதவுக்கணக்கு மறக்கவில்லை.

இறப்பர் தோட்டத்துச் சம்பளத்துக்கு ஒரு தனிக்குணம் உண்டு. தேயிலைத் தோட்டத்தில் மழையிலும் கொழுந்து பறிக்கலாம். இறப்பர் மரத்தின் பட்டை நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டினால் பால் காணில் இறங்காமல் மரத்தில் பரவி வீணாகிவிடும். இரத்தினபுரி நகரில் வருடத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்கின்றது. கேகாலை மாவட்டத்தின் மலையடிவாரங்களும் அதற்கு அதிகம் குறைந்தவையல்ல. வைகாசி, ஆனி மாதங்களில் தென்மேல் பருவமழை பிடித்துக்கொண்டால் விடிய எழுந்து வானத்தைப் பார்ப்பதே வேலையாகிவிடும். பிரட்டுக்களத்துக்குப் போய்த் திரும்பி வந்த நாட்கள் எத்தனையோ. மாசி, பங்குனியில் மரங்கள் இலையுதிர்க்கும். அப்போது மழை இல்லாவிட்டாலும் பால் குறையும். ஆக, பத்தாம் திகதி கைக்கு வரும் சம்பளம் ஒரு மாதம் இருந்ததுபோல் இன்னொரு மாதம் இருப்பதில்லை. போதாக்குறைக்கு, 1984இல் ஆண் பெண் சம்பளம் சமப்படுத்தப்படும் வரை அம்மாவின் ஒரு நாள் பேர் அப்பாவின் ஒரு நாள் பேரை விடக் குறைவான பெறுமதி உடையதாகவே இருந்தது.

எங்கள் லயத்துக்குக் கீழே, பாதையோரத்தில், சிங்கள முதலாளி ஒருவரின் சில்லறைக் கடை இருந்தது. மாவு, சீனி, கருவாடு, மண்ணெண்ணெய் எல்லாமே அங்கு கடன். முதலாளி கொப்பியில் எழுதுவார். சம்பள நாளில் கூட்டிச் சொல்வார். அம்மா எங்கள் அறைக்கதவின் உட்பக்கத்தில் கரித்துண்டால் இரண்டு வரிசைகளாகக் கோடு போடுவார். இடப்பக்கம், பேர் விழுந்த நாட்கள். வலப்பக்கம், கடையில் வாங்கியவை. ஒரு கோடு ஒரு ரூபா, பாதிக்கோடு ஐம்பது சதம். ஒவ்வொரு நாள் இரவும் குப்பி விளக்கைத் தூக்கிப் பிடித்து இரண்டு வரிசைகளையும் பார்ப்பார். வலப்பக்கம் இடப்பக்கத்தை விட வேகமாக ஓடத் தொடங்கினால் மறுநாளிலிருந்து சீனி இல்லை, தேநீருக்குக் கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான். அதற்குப் பிறகும் ஓடினால் கருவாடும் இல்லை.

இதை இப்போது நினைத்துப் பார்க்கும்போது, அம்மா செய்த காரியத்தின் பெறுமதி விளங்குகின்றது. அவர் சம்பள நாளுக்காகக் காத்திருந்து செலவைக் குறைக்கவில்லை. மழை தொடங்கிய அன்றே குறைத்தார். இந்த மாதம் கைக்கு எவ்வளவு வரும் என்பதை அவர் மாதத்தின் நடுவிலேயே அறிந்திருந்தார். முதலாளி தரத் தயாராக இருந்த கடனின் எல்லை ஒன்று, அம்மா தனக்குத்தானே போட்டுக்கொண்ட எல்லை வேறொன்று. இரண்டாவது எப்போதும் முதலாவதை விடச் சிறியதாகவே இருந்தது.

ஒரு மாதம் முதலாளியின் கொப்பியில் இருந்த தொகை அம்மாவின் கோடுகளை விட அதிகமாக இருந்தது. "முதலாளி, என் கணக்கு வேற சொல்லுதுங்க" என்று அம்மா சொன்னார். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கரிக்கோட்டுக்கும் எழுத்துக்கும் வழக்கு வந்தால் வெல்வது எழுத்துத்தானே! அம்மா பேசாமல் பணத்தைக் கட்டிவிட்டு வந்தார். அன்றிலிருந்து கடைக்குப் போகும்போதெல்லாம் என்னையும் அழைத்துச் சென்றார். முதலாளி எழுதி முடித்ததும் கொப்பியை வாங்கி நான் சத்தமாக வாசிக்க வேண்டும், என் பாடசாலைக் கொப்பியின் கடைசிப் பக்கத்திலும் எழுதிக்கொள்ள வேண்டும். முதலாளியின் சிங்கள எழுத்தை வாசிக்கக் கற்றுக்கொண்டது அப்படித்தான். அதன் பின்னர் கணக்குகள் வேறுபட்டதில்லை.

1973, 1974ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தை நான் சிறு குழந்தையாக அனுபவித்தேன். தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்த காலம் அது. கடைகளில் கடன் நின்றுபோனது, பொருளே இல்லாதபோது கடன் ஏது? அம்மாவின் தோடு அப்போது அடகுக்குப் போனது. அது திரும்பி வந்ததைப் பற்றிய பேச்சு எங்கள் வீட்டில் எழுந்ததேயில்லை. தோட்டத்துப் பெண்களின் தங்கம் அலங்காரத்துக்கானது என்று எண்ணுபவர்கள் உண்டு. அது அவர்களுடைய சேமிப்புப் புத்தகம். சப்ரகமுவவின் சிறு நகரங்களில் இன்றும் சம்பள நாளுக்கு முந்திய வாரத்தில் அடகு பிடிக்கும் இடங்களில் நிற்கும் வரிசையைப் பார்த்தால் இது புரியும்.

கடைக்குப் போகாமலே கடன் லயத்துக்கு வந்த கதையும் உண்டு. சம்பள நாளன்று புடவை மூட்டையைச் சுமந்துகொண்டு வியாபாரிகள் லயங்களுக்கு ஏறி வருவார்கள். இன்று புடவை, அடுத்த சம்பளத்தில் பாதி, அதற்கடுத்த சம்பளத்தில் மீதி. தோட்டங்களுக்குள் வெளியாட்கள் நுழைய முடியாதிருந்த காலத்திலும் இந்த வியாபாரிகளுக்கு மட்டும் தடை இருக்கவில்லை. பத்திரிகையாளரும் மலையகத் தொழிற்சங்க முன்னோடியுமான கோ. நடேசய்யர், புடவை வியாபாரியைப் போன்று தோட்டங்களுக்குள் சென்று தொழிலாளரின் நிலையைக் கண்டறிந்தார் என்பதை அவரது வரலாற்றை எழுதிய சாரல் நாடன் போன்றவர்கள் பதிவு செய்திருக்கின்றார்கள். பத்திரிகைத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து என்னை வியக்க வைத்த செய்தி இது. துரைமார் சங்கத்தைத் தடுத்தார்கள், பத்திரிகையைத் தடுத்தார்கள். கடனுக்குப் பொருள் விற்பவனைத் தடுக்கவில்லை. கடன்பட்ட தொழிலாளி ஓடிப்போகமாட்டான் என்ற எண்ணமும் அதற்குள் இருந்திருக்கக்கூடும் என்பது எனது ஊகம்.

கடன் என்றாலே கேடு என்று சொல்லவும் நான் தயாரில்லை. தையல் இயந்திரத்தைத் தவணைக்கு விற்கும் முறையை 1856இல் அமெரிக்காவில் சிங்கர் நிறுவனத்தின் பங்காளியான எட்வர்ட் கிளார்க் அறிமுகப்படுத்தினார். மொத்த விலையையும் ஒரேயடியாகக் கொடுக்க இயலாத குடும்பங்கள், சிறு தொகையொன்றைக் கட்டிவிட்டு இயந்திரத்தை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்பது அன்று புதுமை. அந்த நிறுவனம் 1877இல் கொழும்பு புறக்கோட்டையில் தனது முதற் கிளையைத் திறந்தது. காலப்போக்கில் தையல் இயந்திரமும் தவணைமுறையும் இந்நாட்டின் கிராமங்கள் வரை பரவின.

என் அக்காவுக்கும் 1980களின் இறுதியில் அப்படியொரு இயந்திரம் தவணைக்கு வந்தது. தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் பிணை நின்றார். அம்மா முதலில் மறுத்தார், பிறகு ஒரேயொரு கேள்வி கேட்டார்: "மழை பெஞ்சாலும் இது ஓடுமா?" ஓடும் என்று அக்கா சொன்னார். அதன் பின்னரே சம்மதம் கிடைத்தது. பாடசாலைச் சீருடைத் துணியை அரசாங்கம் இலவசமாக வழங்கத் தொடங்கிய 1990களில், ஒவ்வொரு ஜனவரியிலும் எங்கள் லயத்து வாசலில் வெள்ளைத் துணிகள் குவிந்தன. இயந்திரத்தின் தவணைகள் தீர்ந்து பல வருடங்களுக்குப் பிறகும் அது சம்பாதித்துக் கொண்டிருந்தது. உழைக்கும் பொருளுக்குப் பட்ட கடனையும் உண்டு தீரும் பொருளுக்குப் பட்ட கடனையும் வேறு வேறாகப் பார்க்க வேண்டும் என்பதை எந்தப் பொருளியல் நூலும் எனக்கு இத்தனை தெளிவாகச் சொல்லவில்லை.

இன்று சப்ரகமுவத் தோட்டங்களுக்குச் செல்பவர்கள் லய அறைகளில் குளிர்சாதனப் பெட்டியையும் பெரிய தொலைக்காட்சியையும் காண்பார்கள். தொழிலாளருக்கு வசதி வந்துவிட்டது என்று கொழும்பில் என்னிடம் கூறுவோர் உண்டு. அந்தப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒட்டப்பட்டிருக்கும் தவணை அட்டையை அவர்கள் பார்ப்பதில்லை. அவிசாவளையிலும் இரத்தினபுரியிலும் பலாங்கொடையிலும் உள்ள காட்சியறைகளில் பொருளின் விலை சிறிய எழுத்திலும் மாதத் தவணை பெரிய எழுத்திலும் எழுதப்பட்டிருக்கும். வாங்குபவர் கேட்பதும் மாதம் எவ்வளவு என்பதைத்தான்.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். 60,000 ரூபா பெறுமதியான பொருள். 12 மாதத் தவணை. வருட வட்டி 24 சதவீதம் என்கிறார்கள். 60,000க்கு 24 சதவீதம் 14,400 ரூபா. ஆக மொத்தம் 74,400, மாதம் 6,200. நியாயமாகத் தோன்றும். ஆனால் ஆறாம் மாதம் முடிவடையும்போது நீங்கள் முதலில் ஏறக்குறைய பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். வட்டியோ இன்னும் முழு 60,000 ரூபாவுக்கும் போடப்பட்டபடியே இருக்கின்றது. குறைந்துகொண்டே வரும் நிலுவையின் மீது கணித்தால் அந்த 24 சதவீதம் உண்மையில் 41 சதவீதத்துக்கும் மேல். இதில் மோசடி எதுவும் இல்லை, ஒப்பந்தத்தில் எல்லாம் எழுதப்பட்டிருக்கும். வாசிக்க முடிந்தவருக்கு அது புரியும்.

தவணைப் பொருளை விடக் கொடியது நுண்நிதிக் கடன். ஐந்து பெண்கள் அல்லது பத்துப் பெண்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து, ஒருவருக்கொருவர் பிணை நின்று, வாரந்தோறும் தவணை கட்டுவது அதன் முறை. சம்பளம் மாதம் ஒருமுறை, தவணை வாரம் ஒருமுறை. இந்த ஒன்றே போதும் அது தோட்டத்துக்குப் பொருந்தாது என்று சொல்வதற்கு! என் உறவில் மதினி ஒருவர் இப்படியொரு குழுவில் இருந்தார். அவர் பெற்ற கடன் கூரைத் தகடு மாற்றுவதற்கு. நல்ல காரணம்தான். குழுவிலிருந்த இன்னொரு பெண் தவணை தவறியபோது அவருடைய பங்கையும் மற்றவர்கள் கட்ட வேண்டி வந்தது. அதற்காக இரண்டாவது நிறுவனத்தில் ஒரு கடன், அதைக் கட்ட மூன்றாவது. வசூலிக்க வந்தவர்கள் இரவு எட்டு மணி வரை லயத்து வாசலில் அமர்ந்திருந்தார்கள். மழைக்காலம் வேறு. மூன்று வார காலத்தில் அவருக்கு விழுந்த பேர் ஆறு. கடைசியில் மதினி இரண்டு பிள்ளைகளையும் தன் தாயிடம் விட்டுவிட்டு வீட்டுப் பணிப்பெண்ணாக மத்திய கிழக்குக்குச் சென்றார். இளைய பிள்ளைக்கு அப்போது நான்கு வயது. கூரைத் தகட்டின் விலை அவ்வளவாகிவிட்டது.

இது ஒரு குடும்பத்தின் கதை மட்டுமன்று. 2018இல் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் சுயாதீன நிபுணர் ஜுவான் பாப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி, நுண்நிதிக் கடன்களின் வருட வட்டி சில இடங்களில் 220 சதவீதம் வரை செல்வதாகக் குறிப்பிட்டார். அதே ஆண்டில் அரசாங்கம், வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்நிதிக் கடன்களுக்கு நிவாரணம் அறிவித்தது. வரவேற்கத்தக்க நடவடிக்கைதான். ஆனால் அளவுகோல் வரட்சி. மழையால் வேலையிழக்கும் சப்ரகமுவ அதற்குள் அடங்கவில்லை. வானம் பொய்த்தால் விவசாயி நொடிந்துபோவது எல்லோருக்கும் தெரிகின்றது. வானம் விடாது பெய்தால் பால்வெட்டுக்காரி நொடிந்துபோவது கொழும்புக்குத் தெரிவதில்லை. 2021இல் ஹிங்குராக்கொடையில் பெண்கள் நுண்நிதிக் கடனுக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் இருந்தபோது அதைப் பற்றிய செய்திகளை வாசித்துவிட்டு, எங்கள் பெண்களுக்கு இப்படி உட்கார ஒரு நாள் விடுப்பாவது கிடைக்குமா என்று நினைத்துக்கொண்டேன்.

இனி நண்பரின் கடனட்டைக்கு வருகின்றேன். ரூபாவானாலும் டொலரானாலும் கணக்கு ஒன்றே. இலங்கையில் கடனட்டை வட்டிக்கு 2019இல் 28 சதவீதம் உச்சவரம்பாக இருந்தது. 2020 ஆகஸ்டில் மத்திய வங்கி அதை 18 சதவீதமாகக் குறைத்தது. 2022 பொருளாதார நெருக்கடியின்போது அந்த வரம்பு நீக்கப்பட, வட்டி 30 சதவீதத்தையும் தாண்டிச் சென்றது. வட அமெரிக்கப் பேரங்காடிகளின் அட்டைகளிலும் 30 சதவீதத்தை அண்மித்த வட்டி சாதாரணமானது. எனவே 28 சதவீதத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். நிலுவை ஓர் இலட்சம். குறைந்தபட்சக் கொடுப்பனவு நிலுவையில் 5 சதவீதம். அட்டையை வேறெதற்கும் பாவிப்பதில்லை என்றும் வைத்துக்கொள்வோம்.

முதல் மாத வட்டி ஏறத்தாழ 2,330 ரூபா. கட்டுவது ஏறத்தாழ 5,100 ரூபா. அடுத்த மாதம் நிலுவை சற்றுக் குறைந்திருக்கும், அதனால் கட்ட வேண்டிய தொகையும் சற்றுக் குறையும். இப்படியே குறைந்தபட்சத் தொகையை மட்டும் ஒழுங்காகக் கட்டிவந்தால், 25 மாதங்களின் பின்னர் நீங்கள் செலுத்தியிருக்கும் மொத்தத் தொகை ஏறத்தாழ 93,000 ரூபா. இன்னும் மீதமிருக்கும் கடன் ஏறத்தாழ 49,000 ரூபா!

இப்போது ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். வங்கி கேட்கும் தொகை குறைந்தாலும் நீங்கள் குறைக்காமல், முதல் மாதம் கட்டிய அதே 5,100 ரூபாவை மாதந்தோறும் கட்டுங்கள். 27ஆவது மாதத்தில் கடன் முழுவதும் தீர்ந்துவிடும். முதல் மாதம் உங்களால் முடிந்த தொகைதான் அது. ஒரு சதமேனும் கூட்டச் சொல்லவில்லை, குறைக்க வேண்டாம் என்று மட்டுமே சொல்கின்றேன். நண்பரே, உங்களுடைய கடன் ஏன் இறங்கவில்லை என்பதற்கான விடை இதில் இருக்கின்றது. குறைந்தபட்சத் தொகை என்பது நீங்கள் கடனிலிருந்து வெளியேறுவதற்காகக் கணிக்கப்பட்ட தொகையன்று. நீங்கள் தவறாத வாடிக்கையாளராக உள்ளேயே இருப்பதற்காகக் கணிக்கப்பட்டது.

இன்னும் இரண்டு விடயங்களையும் சொல்லிவிடுகின்றேன். முழு நிலுவையையும் உரிய திகதிக்குள் செலுத்துபவருக்கு மட்டுமே பெரும்பாலான அட்டைகளில் வட்டியற்ற சலுகைக் காலம் உண்டு. ஒரு பகுதியை மீதம் வைத்தால் புதிதாக வாங்கும் பாண் இறாத்தலுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். ஆகவே கடன் தீரும் வரை அந்த அட்டையை அலுமாரியில் வையுங்கள், அன்றாடச் செலவுக்குக் காசைப் பாவியுங்கள். அடுத்தது, சில பேரங்காடிகள் பன்னிரண்டு மாதத்துக்கு வட்டியில்லை என்று அறிவிப்பதைப் பற்றியது. சில ஒப்பந்தங்களில், பன்னிரண்டாம் மாத முடிவில் ஒரு சிறு தொகை மீதமிருந்தாலும் முதல் நாளிலிருந்து முழுத் தொகைக்கும் வட்டி சேர்த்துவிடுவார்கள். அந்த நிபந்தனை இருக்கின்றதா என்பதைக் கையெழுத்திடும் முன்னர் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வாங்கிய தொகையைப் பதினொன்றால் வகுத்துக் கட்டிவந்தால் இந்தக் கண்ணியில் அகப்பட மாட்டீர்கள். இரண்டு மூன்று கடன்கள் இருந்தால் வட்டி கூடியதை முதலில் அடையுங்கள், மற்றவற்றுக்குக் கேட்ட தொகையைக் கட்டி வாருங்கள்.

அமெரிக்காவில் 2009ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி, குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் கடன் தீர எத்தனை காலமாகும் என்பதை ஒவ்வொரு மாதாந்தக் கணக்குக் கூற்றிலும் அச்சிட வேண்டும். நான் மேலே காட்டிய கணக்கை அங்கு வங்கியே செய்து காட்ட வேண்டும் என்பதே இதன் பொருள். நல்ல ஏற்பாடு. அதை வாசிக்கும் பழக்கத்தை அங்குள்ள நம்மவர்கள் வளர்த்துக்கொள்ள வேண்டும்.

இலங்கையில் 1982ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கப் பாவனையாளர் கடன் சட்டம் வாடகைக் கொள்வனவை ஒழுங்குபடுத்துகின்றது. தவணைகளில் பெரும்பகுதியைக் கட்டி முடித்தவரிடமிருந்து, நீதிமன்றத்தை நாடாமல் பொருளைப் பறித்துச் செல்ல முடியாது என்ற பாதுகாப்பும் அதில் உண்டு. எத்தனை தோட்டங்களில் இது தெரியும்? நான் விசாரித்த இடங்களில், லொறியுடன் ஆட்கள் வந்தால் பொருளை ஏற்றிவிடுவதே வழக்கமாக இருந்தது. அயலவர் பார்ப்பதற்கு முன்னர் போய்விட்டால் போதும் என்ற வெட்கம் சட்டத்தை விட வலிமையானது.

இந்தக் கட்டுரையை எழுதும்போது, பெருந்தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தின் வரலாறும் மனதில் ஓடுகின்றது. 2021இல் 1,000 ரூபா, 2024இல் 1,350 ரூபா. 2025 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டத்தில், அரசாங்கத்தின் வரவு ஊக்கத்தொகையான 200 ரூபாவையும் சேர்த்து 1,750 ரூபா என்று பிரேரிக்கப்பட்டது. ஒவ்வோர் உயர்வுக்கும் எத்தனை ஆர்ப்பாட்டங்கள், எத்தனை பேச்சுவார்த்தைகள், எத்தனை தலையங்கங்கள்! நானும் அவற்றில் சிலவற்றை எழுதியவன். சம்பளம் உயர வேண்டும் என்பதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. ஆனால் உயர்ந்த சம்பளம் எந்த வழியாக வெளியேறுகின்றது என்பதைப் பற்றித் தொழிற்சங்கங்களும் பத்திரிகைகளும் இத்தனை அக்கறையோடு பேசியதில்லை. உயர்ந்த சம்பளத்தைக் காட்டி உயர்ந்த கடன் கொடுப்பவர்கள் வர்த்தமானி வெளியாவதற்கு முன்னரே லயத்து வாசலுக்கு வந்துவிடுகின்றார்கள்.

ஆகவே எனது கோரிக்கை மிகவும் எளிமையானது. தோட்டத்தில் ஒரு பெண் கையெழுத்திடும் எந்தக் கடன் பத்திரமும் அவருக்கு விளங்கும் தமிழில் இருக்க வேண்டும். தமிழ் இந்நாட்டின் அரசகரும மொழிகளில் ஒன்று என்பதை இங்கு எவருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. அந்தப் பத்திரத்தின் முதற் பக்கத்தில் மூன்று இலக்கங்கள் பெரிய எழுத்தில் இருக்கட்டும்: கையில் பெறும் தொகை, கட்டி முடிக்கும்போது செலுத்தியிருக்கும் மொத்தத் தொகை, குறைந்துவரும் நிலுவையின் மீது கணிக்கப்பட்ட வட்டி வீதம். தவணை நாள் சம்பள நாளுக்குப் பின்னர் அமையட்டும். தோட்டங்களில் படித்த பிள்ளைகள் இப்போது வீட்டுக்கு வீடு இருக்கின்றார்கள். தாயார் கையெழுத்திடும் முன்னர் அதைச் சத்தமாக வாசித்துக் காட்டுவது அவர்களுடைய பொறுப்பு. தொழிற்சங்கத் தலைவர்கள் சந்தாவை அறவிடும் கையோடு மாதம் ஒரு மாலை இதற்கென ஒதுக்கினால் அது எத்தனையோ மேடைப் பேச்சுகளை விடப் பயன்தரும்.

மதினி இரண்டு ஒப்பந்தங்களை முடித்து ஆறாவது வருடம் திரும்பி வந்தார். கடன் தீர்ந்துவிட்டது. இளைய மகன் அவரைப் பெரியம்மாவென்றுதான் சில மாதங்கள் அழைத்தான்.